மாவு மில் சுவரில் மூன்றாம் வகுப்பு

மழை வந்தால் குடை விரிப்பார்கள், கரண்ட் போனால் விசிறி எடுப்பார்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழித்ததெல்லாம் மாவு மில் சுவரில் வந்து நின்றால் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பார்கள். எதற்கும் அலட்டிக்கொள்கிற ஊர் அல்ல செம்பொட்டல். கதை நடந்த வருஷம் ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது, கட்டில் அகலத்துக்கு ஒரு தொடுதிரைப் பலகை வேனில் வந்து இறங்கியது. நான்கு பேர் பிரேதத்தைத் தூக்குவதுபோல ஆளுக்கொரு மூலையைப் பிடித்துப் பதனமாய்த் தூக்கிக்கொண்டு போய், மூன்றாம் வகுப்பின் மேற்குச் சுவரில் மாட்டினார்கள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சங்கரபாண்டியனுடைய மாவு மில். அன்று மத்தியானமே, பலகையில் ஒரு பையன் எழுதி அழித்த ‘யானை’, அழிந்து ஒழியாமல், ஒன்பது அங்குலச் செங்கல்லைக் கடந்து, அதே பச்சை நிறத்தில், அதே உயரத்தில், மில்லின் சுவரில் போய் நின்றது. முதுகுப்பக்கமாகப் போய் வெளிப்பட்டதால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறி நின்றது.

சங்கரபாண்டியன் அதை யாரோ செய்த சேட்டை என்று நினைத்து வெள்ளையடித்தார். வெள்ளைக்கு மேலே கூட்டல் கணக்கு வந்தது. இன்னொரு தடவை வெள்ளையடித்தார். கழித்தல் கணக்கு வந்தது. “சரி, சுவரு அது சோலியப் பாக்குது, நாம நம்ம சோலியப் பாப்போம்” என்று சொல்லி மோட்டாரைப் போட்டுவிட்டார். பலகையைப் பார்த்துப் போக வந்த டெக்னீஷியன், முன்னால் ஒரு திருகாணியை முடுக்கி, பின்னால் மில்லுக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, “மத்த ஊர்ல எல்லாம் அழிச்சா அழிஞ்சுதான் போகுது” என்று ஊரைக் குற்றம் சொல்லிவிட்டு, ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

அதற்குப் பிறகு ஊர் அதைத் தன் வசதிக்குத் தக்கபடி வளைத்துக்கொண்டது. முடிதிருத்தும் கடையில் புதுக் கண்ணாடி மாட்டியதால் மிச்சமான ஆறடிக் கண்ணாடியை சங்கரபாண்டியன் வாங்கிவந்து எதிர்ச்சுவரில் தொங்கவிட்டார். அன்று முதல் படிப்பு வாசனை உள்ளவர்கள் எல்லாரும் சுவருக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடியைப் பார்த்து நின்று, நேராகத் தெரிந்த எழுத்தைச் சத்தமாகப் படித்தார்கள். சுவரை நேரே பார்ப்பது விவரம் இல்லாதவர்கள் வேலை என்று ஆகிப்போனது. யார் பிள்ளை தப்பாகப் போட்டிருந்தாலும் அந்தப் பிள்ளையின் தாய் மில்லில் நிற்கும்போது சிரிக்கக்கூடாது என்று ஒரு சட்டம் தானாக ஏற்பட்டது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம், “எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கிய, அவன் தம்பி மூணாப்புதான், ஒரு கணக்க எத்தனை தடவ அழிக்கான்னு மில்லுல போய்ப் பாருங்க, குடும்பத்துப் பொறுமை தெரிஞ்சிரும்” என்றார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சுவரைத் தென்னந்துடைப்பத்தால் தூத்துவிட்டார்கள். உதிர்ந்த எழுத்து மாவில் கலந்து, ஞாயிற்றுக்கிழமை தோசை சாப்பிட்ட பெரியவர்கள் இரண்டொருவர் தூக்கத்தில் வாய்ப்பாடு சொன்னார்கள். யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை.

இதில் அதிக லாபம் அடைந்தவள் இட்லிக்கடை செல்லக்கனி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், ஆனாலும் வாய்க்கு வஞ்சகம் செய்யாதவள். கண்ணாடி முன்னால் எப்போதும் படித்தவர்கள் மறித்துக்கொண்டு நிற்பதால், அவள் அரிசி வாளியோடு சுவரைப் பார்த்தே நின்றாள். பின்னால் அவர்கள் படிக்கிற சத்தத்தையும் முன்னால் சுவரில் இருக்கிற வடிவத்தையும் நாள்தோறும் பொருத்திப் பொருத்தி, ஆவணி பிறப்பதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். ஒரே ஒரு சங்கடம், தலைகீழாய் நின்றாலும் அவளுக்குத் திரும்பின எழுத்துதான் வரும். பஸ் போர்டைக்கூட டீக்கடைக் கண்ணாடிக் கதவில் பார்த்துத்தான் படிப்பாள். அதில் அவளுக்கு வெட்கம் கிடையாது. பஸ்ஸும் அவளை வேறு ஊரில் இறக்கிவிட்டது கிடையாது.

வெட்கப்பட்டவள் ஆவுடைச்செல்வி.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பீடித் தட்டை மடியில் வைத்தவள், பதினாலு வருஷம் கழித்து அதை இறக்கி வைத்துவிட்டு, கல்வி உதவியாளர் பயிற்சிக்கு எழுதிப்போட்டு, அதே ஆனி மாதம் மூன்றாம் வகுப்பில் ரோஸ்லின் டீச்சருக்குக் கையாளாக வந்து சேர்ந்திருந்தாள். இலையும் தூளும் உரசி உரசி விரல் ரேகை தேய்ந்துபோயிருந்ததால், வருகைப் பதிவு இயந்திரம் அவளை ஆள் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் பலகைக்குப் பக்கத்தில் போனபோது முந்தானை நுனி திரையில் பட்டு, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும் இரண்டு முக்கோணம் போட்ட ஏதோ ஒரு பொத்தான் அமுங்கி, டீச்சர் எழுதி வைத்திருந்த பாடம் முழுக்க இடம் வலமாகப் புரண்டுவிட்டது. பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரிச் சிரித்தார்கள். “இன்னொரு தடவ அந்தப் பொத்தான் பக்கம் போயிராத ஆவுட” என்றார் ரோஸ்லின் டீச்சர். டீச்சர் கெட்டவர் அல்ல. முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த கைக்கு இந்த வெளிச்சப் பலகையைக் கண்டு உள்ளூர நடுக்கம், அதைக் கோபமாக மாற்றிக் காட்டிக்கொண்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் யாரும் இல்லாதபோது ஆவுடைச்செல்வி ‘வணக்கம்’ என்று எழுதிப் பழகினாள். கோணிற்று, அழித்தாள். மறுபடி எழுதினாள், வழுக்கிற்று, அழித்தாள். இப்படி எட்டுத் தடவை. அந்த எட்டும் எங்கே போயின என்று அவளுக்கு அப்போது தெரியாது. மறுநாள் காலையில் தெருவில் நடந்து வந்தபோது, பால்காரர் சைக்கிளை நிறுத்தி எட்டு வணக்கம் வைத்தார், பெட்டிக்கடைக்காரர் எட்டு வைத்தார், குழாயடியில் நின்ற பெண்கள் எண்ணி எண்ணி எட்டு வைத்தார்கள். ‘எட்டு வணக்கம் டீச்சர்’ என்று பேர் நிலைத்துவிட்டது. யாரும் மனதில் கல்மிஷத்தோடு சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்றிலிருந்து அரிசியையும் மிளகாய் வற்றலையும் தலையில் வைத்து மூன்று மைல் நடந்து பக்கத்து ஊர் மில்லில் திரித்துக்கொண்டு வந்தாளே தவிர, சங்கரபாண்டியன் மில் வாசலை அவள் மிதிக்கவில்லை.

ஆனால் கற்றுக்கொள்வதை விடவில்லை. அழித்தால்தானே அம்பலம் ஆகும்? அவள் அழிக்காமல் பழகினாள். நாலு மணி அடித்துப் பிள்ளைகள் போனபின், கோணல் எழுத்தோ நேர் எழுத்தோ எழுதி, அந்தப் பக்கத்தை அப்படியே சேமித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினாள். முந்தானையை இடுப்பில் செருகினாள், வளையலைக் கழற்றி மேசையில் வைத்தாள். படத்தைப் பெரிதாக்க, ஒலியைக் கூட்ட, பிள்ளை போட்ட கோட்டை ஆரம்பத்திலிருந்து திரும்ப ஓடவிட, ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுத் தொட்டு ஆவணி மாதத்துக்குள் அந்தப் பலகையின் நல்லது பொல்லாதது எல்லாம் அவளுக்கு அத்துபடி ஆயிற்று. “ஆவுட, இந்தப் படம் ஓட மாட்டேங்குது” என்று ரோஸ்லின் டீச்சர் கூப்பிடுவார், அவள் வந்து ஒரு விரலால் தொடுவாள், ஓடும். இரட்டை முக்கோணப் பொத்தானை மட்டும் பாம்புப் புற்றை ஒதுங்கிப் போவதுபோல ஒதுங்கிப் போனாள்.

அந்த வகுப்பில் முத்தரசி என்று ஒரு பிள்ளை. பேசமாட்டாள். பலகைக்குக் கூப்பிட்டால் எழுந்து வருவாள், வலது கீழ்மூலையில் குனிந்து, இடதுகையால் எறும்பு அளவில் எதையோ எழுதுவாள், ஏறிட்டுப் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் அழித்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவாள். கண்ணுக்குப் பட்ட அளவில் அது கிறுக்கல். நோட்டிலும் அப்படித்தான், ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்திருக்கும். ரோஸ்லின் டீச்சர் கெஞ்சிப் பார்த்தார், மிட்டாய் கொடுத்துப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கடைசியில், எழுத வராத பிள்ளைகளை நாற்பது கல் தள்ளி இருக்கிற விடுதிப் பள்ளிக்கு அனுப்பும் பட்டியலில் அவள் பெயரை எழுதினார். தாய்க்காரி அழுதுகொண்டே சம்மதித்தாள். வெள்ளிக்கிழமை மேற்பார்வை அலுவலர் வருவார். ஆவுடைச்செல்வி பாடம் நடத்துவதைப் பார்த்து அவளுக்கு வேலை உண்டா இல்லையா என்று எழுதுவார். அதே கையோடு பட்டியலிலும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போவார்.

புதன்கிழமை சாயங்காலம், எல்லாரும் போனபிறகு முத்தரசி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பையை மடியில் வைத்து, பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“வீட்டுக்குப் போகலியா தாயி?” என்று கேட்டாள் ஆவுடைச்செல்வி.

பிள்ளை தலையை மட்டும் ஆட்டிற்று. விரல்கள் பெஞ்சை விடவில்லை. ஆவுடைச்செல்வி அந்தப் பிடியைப் பார்த்தாள். பட்டியல் விஷயம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பீடி இலையை வெட்டுவதற்கு முன்னால் முகத்தையும் பார்க்க வேண்டும், முதுகையும் பார்க்க வேண்டும். பதினாலு வருஷம் செய்த வேலை அது. இந்தப் பிள்ளையின் முகப்பக்கத்தை மட்டும்தானே மூன்று மாதமாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவள் அழித்ததெல்லாம் ஒரு சுவரில் போய் நிற்கிறதே.

அந்தச் சுவருக்குப் போவதென்றால் அந்த மில்லுக்குப் போக வேண்டும். ஆவுடைச்செல்வி வீட்டுக்குப் போய், திரிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு கிலோ வற்றலை டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மில் வாசலில் காலை வைத்ததும் எட்டு வணக்கம் விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்தது. அவள் நின்று, எட்டையும் வாங்கிக்கொண்டு, “ஒம்பதாவது நான் வைக்கேன், வணக்கம்” என்றாள். மில் முழுக்கச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதம் மூன்று மைல் நடந்தது இதற்குத்தானா என்று தன்மேலேயே கோபமும் வந்தது.

“முத்தரசி எழுதினது எது?” என்று கேட்டாள்.

“அந்தப் பேசாத புள்ளையா? அது வெறும் கிறுக்கலுல்லா” என்றார் சங்கரபாண்டியன். “கீழ்மூலையில கெடக்கு. கண்ணாடியில பாத்தா ஒரு எழவும் வெளங்காது. அதான் படிக்கிறதும் இல்ல, தூத்துறதும் இல்ல. டின்னு வைக்கதுக்கு ஆச்சு.”

“எனக்குமே அது வரல டீச்சர்” என்றாள் செல்லக்கனி, தன் படிப்பில் ஒரு குறை என்கிற வருத்தத்தோடு. “இந்தச் சுவத்துல எல்லாம் படிச்சிருவேன், அந்தப் புள்ள எழுத்து மட்டும் என்ன பாஷையோ, கண்ணுக்கே பிடிபட மாட்டேங்குது.”

ஆவுடைச்செல்வி டின்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். கண்ணாடியின் கீழ்ப்பாதியை மிளகாய்த்தூள் மூடியிருந்ததால் அதைப் பார்த்துப் பயன் இல்லை. அவள் மாவுத் தரையில் மண்டியிட்டு, விவரம் இல்லாதவர்கள் பார்க்கிறபடி, சுவரை நேரே பார்த்தாள். முந்தானையால் மாவைத் துடைத்தாள்.

ஏழாம் வாய்ப்பாடு இருந்தது, ஒன்றிலிருந்து பதினாறு வரை, ஒரு தப்பு இல்லாமல். அதற்குக் கீழே முத்தரசியுடைய பெஞ்சில் இருக்கும் நான்கு பிள்ளைகளின் பெயர்கள். மழை எப்படிப் பெய்கிறது என்ற கேள்விக்கு, ரோஸ்லின் டீச்சரே சொல்லாத ஒரு நல்ல பதில். எல்லாம் நேர் எழுத்து, அச்சுப் போட்ட மாதிரி நேர் எழுத்து. அந்தப் பிள்ளை இடதுகையால் எழுதும்போது எல்லாமே இடம் வலமாகத் திரும்பித்தான் வந்திருக்கிறது. பலகையில் பார்த்தவர்களுக்குக் கிறுக்கல். சுவர் அதை இன்னொரு தடவை திருப்பி நேராக்கி வைத்திருக்கிறது. ஊர் அதைக் கண்ணாடியில் பார்த்து மறுபடியும் கிறுக்கலாக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் கீழே, அன்றைக்கு வந்த ஈரம் காயாத மாதிரி நீல நிறத்தில் ஒரு வரி இருந்தது: டீச்சர் நான் இங்கேயே இருக்கேன்.

ஆவுடைச்செல்வி அந்த மாவிலேயே உட்கார்ந்து அழுதாள். மில்லில் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். யாருடைய தாய் நிற்கிறாளோ அவள் முன்னால் சிரிக்கக்கூடாது என்ற சட்டம், இவள் அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லாவிட்டாலும், அன்றைக்கு இவளுக்கும் செல்லுபடியாயிற்று.

வியாழக்கிழமை ரோஸ்லின் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் நம்பவில்லை. மில் சுவரில் இருப்பது யார் எழுதியது என்று எப்படிச் சொல்ல முடியும், நாலு பிள்ளை அழித்தது கலந்து கிடக்கும் என்றார். “நாளைக்கு ஒழுங்கா நீ தயார் பண்ண பாடத்த நடத்து ஆவுட. ஒன் வேலைய நீயே கெடுத்துக்காத” என்றார், அக்கறையாகத்தான்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வை அலுவலர் குணசீலன் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார். பட்டியல் அவர் முன்னால் மேசையில் இருந்தது, பேனா திறந்திருந்தது. ஆவுடைச்செல்வி முந்தானையைச் செருகினாள், வளையலைக் கழற்றினாள், தயார் செய்துவைத்த பாடத்தை மூடினாள். ரோஸ்லின் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

“முத்தரசி, வா தாயி. ஒன்னப் பத்தி மூணு வரி எழுது.”

பிள்ளை வந்தாள். கீழ்மூலையில் குனிந்தாள், இடதுகையால் எழுதினாள், எழுதி முடித்ததும் உள்ளங்கை தானாகத் திரைக்குப் போயிற்று.

“அழிக்காத” என்றாள் ஆவுடைச்செல்வி. கையைப் பிடிக்கவில்லை, கிட்டேயும் போகவில்லை. “நான் எட்டு வணக்கம் அழிச்சேன், எட்டும் ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு, எனக்கு ஒண்ணும் ஆகல பாத்தியா. இத மட்டும் அழிக்காம ஒரு நிமிசம் நில்லு.”

உள்ளங்கை திரைக்கு ஒரு விரல்கடை தள்ளி நின்றது. பிறகு அந்தக் கை மெதுவாகக் கீழே இறங்கியது. ஆவுடைச்செல்வி ரேகை இல்லாத விரலால் அந்த மூன்று வரியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, மூன்று மாதமாகத் தொடாத இரட்டை முக்கோணத்தைத் தொட்டாள். வரிகள் புரண்டு நேராயின. முப்பது பிள்ளைகளும் சொல்லிவைத்தாற்போல ஒரே குரலில் படித்தார்கள்: என் பெயர் முத்தரசி. எனக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியும். நான் இங்கேயே இருக்கேன்.

ரோஸ்லின் டீச்சர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

குணசீலன் தொண்டையைக் கனைத்தார். “இது மெஷின் செய்யிற வேலைம்மா. நீங்க முன்னாடியே எழுதி வச்சிருந்தாலும் இப்படித்தான் வரும். பிள்ளை போட்டது கிறுக்கல். கிறுக்கலை யார் படிக்க முடியும்?”

ஆவுடைச்செல்விக்கு ஆத்திரம் வந்தது. பொத்தானை இன்னொரு தடவை தொட்டாள். எழுத்து பழையபடி திரும்பி, பிள்ளை எழுதியது எழுதியபடி கீழ்மூலையில் நின்றது.

அப்போதுதான் வாசலில் ஒரு வாளிச் சத்தம் கேட்டது. செல்லக்கனி நின்றாள், அவளுக்குப் பின்னால் மில் வரிசை பாதி நின்றது, மாவு அப்பிய கையோடு சங்கரபாண்டியனும் நின்றார். “ஒண்ணும் இல்ல டீச்சர்” என்றாள் செல்லக்கனி, “மூணாப்புல பாடம் நடக்கு, நேரமும் ஆச்சு, கீழ்மூலையில மட்டும் இன்னிக்குப் புதுசா எழுத்தக் காணோம். அந்தப் புள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையோன்னு பாக்க வந்தோம்.” சொல்லிக்கொண்டே பலகையைப் பார்த்தவள், வாளியைக் கீழே வைத்தாள். விரலைக் காற்றில் நீட்டினாள். யாரும் கேட்காமலே, சுவர் முன்னால் நின்று கூட்டிப் பழகிய அதே குரலில், படிக்க ஆரம்பித்தாள்.

“என்... பெயர்... முத்தரசி. எனக்கு... ஏழாம்... வாய்ப்பாடு... தெரியும்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “அட, இது எனக்கு வருதே! நான்... இங்கேயே... இருக்கேன்.”

குணசீலன் அந்த அம்மாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பேனாவை மூடினார். ரோஸ்லின் டீச்சர் பின்பெஞ்சுக்குப் போய், அவர் முன்னால் இருந்த பட்டியலை எடுத்து, தான் எழுதிய பெயரைத் தானே அடித்தார். ஒரு கோடு போதாது என்று தோன்றியதோ என்னவோ, மூன்று கோடு போட்டார். போட்டுவிட்டு, பிள்ளையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

செல்லக்கனி இன்னும் தன் கேள்வியிலேயே நின்றாள். “அதுசரி, எழுதியும் இருக்கு, சொகமாவும் இருக்கு. பின்ன ஏன் எங்க பக்கம் ஒண்ணும் வரல?”

முத்தரசி திரும்பினாள். ஆனி மாதத்திலிருந்து அந்த வகுப்பில் யாரும் கேட்டிராத குரல் அது. கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற அளவுக்கு வந்தது.

“நான் அழிக்கல.”